பருத்திக்கு என்று கேட்டு வாங்கிய பொடி

என் மனைவிக்குக் காது கேட்காமல் போனது கல்யாணமாகி நாலாவது வருஷம். விஷக்காய்ச்சலில் நாற்பது நாள் படுத்திருந்து எழுந்தபோது இடது காது முழுவதும் அடைத்துப்போயிருந்தது. வலது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து உரக்கச் சொன்னால் கேட்கும். மற்றபடி எதிராளியின் உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்வாள். தன் குரல் தனக்கே கேட்காததால் அவள் பேசுவதும் உரத்துத்தான் இருக்கும்.

அப்போது நாங்கள் கோவில்பட்டிக்குக் கிழக்கே, தெருக்கள் முடிந்து கரிசல்காடு தொடங்குகிற இடத்தில் குடியிருந்தோம். எங்களுடையது ஒற்றை வீடு. நான் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தேன். தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். குச்சிகளை வரிசையாக அடுக்கிய கட்டையை மருந்தில் முக்கி எடுப்பது என் வேலை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவேன். அதுவரை அவள் தனியாக இருப்பாள். ஒரு நாள் அவள் அடுப்பருகே குனிந்திருந்தபோது யாரோ உள்ளே வந்து பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்தபோது குடம் இருந்த இடத்தில் ஈரம் மட்டும் வட்டமாக இருந்ததாம். அதற்குப் பிறகுதான் நாய் வளர்த்தோம்.

செவலை நிறத்தில் ஒரு பெட்டை. அதை யாரும் பழக்கவில்லை. இந்த வீட்டில் குரைப்பதால் மட்டும் பயனில்லை என்பதை அதுவாகத் தெரிந்துகொண்டது. யாராவது வந்தால் வாசலில் இரண்டு தடவை குரைத்துவிட்டு உள்ளே ஓடிப்போய் அவள் கெண்டைக்காலில் மூக்கால் முட்டும். அவள் எழுந்து வருவாள். தபால்காரர் வந்தாலும் சரி, விறகு விற்கிறவள் வந்தாலும் சரி, யாருடைய மாடாவது அவிழ்த்துக்கொண்டு வாசலில் காய்கிற நெல்லுக்கு வந்தாலும் சரி, அதே முட்டல்தான். ஆபீஸில் நான் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் கட்டை முக்கியது அந்த நாயை நம்பித்தான்.

ஒரு ஆவணி மாதம் எங்கள் வீட்டை ஒட்டிய காட்டில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டார்கள். பத்து நாள் கிடந்துவிட்டு ஆடுகள் அடுத்த காட்டுக்குப் போயின. உண்ணிகள் மட்டும் போகவில்லை. ஐப்பசி மழை பெய்து, களை முளைத்து, கார்த்திகை பிறந்தபோது நாயின் உடம்பில் விரல் வைக்க இடமில்லை. காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் கடுகளவில் தொடங்கி ஆமணக்கு முத்து அளவு வரை ஒட்டிக் கிடந்தன. அடிவயிற்றில் தெள்ளுப்பூச்சி வேறு. மனைவி நாள்தோறும் மடியில் போட்டுப் பிடுங்கினாள். இன்றைக்கு எடுத்த இடத்தில் நாளைக்கு அதற்கு மேல் இருந்தது.

எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தோம். வேப்பெண்ணெய் தடவினோம். அதை நக்கிவிட்டு வாந்தி எடுத்தது. எங்கள் ஆபீஸில் சிரங்கு வந்தவர்கள் கொஞ்சம் கந்தகத்தை எண்ணெயில் குழைத்துப் பூசிக்கொள்வார்கள். இரண்டு நாளில் சிரங்கு அடங்கிவிடும். அதையும் பூசினேன். சொறி குறைந்தது, உண்ணி அசையவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் மண்ணெண்ணெயைச் சொன்னார். மனைவி சம்மதிக்கவில்லை. மண்ணெண்ணெய் பூசித் தோல் உரிந்த நாய் ஒன்றை அவள் பிறந்த ஊரில் பார்த்திருக்கிறாள்.

நாய் இளைத்துக்கொண்டே வந்தது. ஈறு வெளுத்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் தபால்காரர் வந்து கூப்பிட்டபோது தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டதாம். கதவிடுக்கில் கிடந்த கார்டைப் பார்த்துத்தான் ஆள் வந்துபோனதே அவளுக்குத் தெரிந்தது. அன்று நான் வீடு திரும்பியதும் அவள் கார்டை நீட்டினாள்.

"எனக்காகத்தான் இது முட்டிக்கிட்டுத் திரியுது. இப்ப இதுக்கே முடியல. நல்ல மருந்தா ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வாங்க. நக்கினாலும் ஒண்ணும் செய்யாத மருந்தா இருக்கணும். அதைக் கேட்காம வாங்கிராதீங்க" என்றாள்.

கேட்பதுதான் எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. பஸ் எங்கே போகிறது என்று கண்டக்டரிடம் கேட்பதற்குப் பதிலாகத் தப்பான பஸ்ஸில் ஏறி எட்டயபுரம் ரோட்டில் இறங்கி நடந்து திரும்பியவன் நான். நாலு பேர் நின்றால் என் நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வார லீவு நாளில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். வேலியோரம் காளைகளும் எருமைகளும் நின்றன. நாய் ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில் நாட்டு நாயை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில்லை. வாசலில் காளையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, மாட்டைக் காணோம். வழியில தொலைச்சிட்டீரா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சும்மாதான் வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அங்கிருந்து நேரே பஜாருக்குப் போனேன். விதை, பிண்ணாக்கு, பூச்சிப் பொடி விற்கிற கடை ஒன்று அங்கே இருந்தது. கடைக்காரர் ஒரு பாய். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அந்தக் கடை அங்கே இருக்கிறது. யார் காட்டில் என்ன விதைத்திருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். அன்றைக்குக் கடையில் சம்சாரிகள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"வாங்க அண்ணாச்சி. என்ன வேணும்?"

"மருந்து."

"எதுக்கு மருந்து?"

நாய்க்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் நின்ற சம்சாரி நான் என்ன சொல்லப்போகிறேன் என்று திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"பருத்திக்கு" என்றேன்.

எனக்குப் பருத்தி இல்லை. ஒரு குறுக்கம் காடுகூடக் கிடையாது. பாய்க்கு அது தெரியாது. யாருடைய காட்டிலாவது வாரத்துக்குப் பயிர் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"புழுவா, அசுவணியா?"

"சின்னப் பூச்சி."

"அப்ப அசுவணிதான்." பொடியை இரட்டைத் தாளில் மடித்துக் கட்டினார். "தூவும்போது மூக்குல துணியைக் கட்டிக்கிடுங்க. கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிட்டுச் சாப்பிடுங்க. மாடு கன்னு பக்கம் கொண்டுபோயிராதீங்க."

கேட்டுக்கொண்டேன். மாடு, கன்று என்றுதானே சொன்னார், நாய் என்று சொல்லவில்லையே என்று வழிநெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். செடியில் இருக்கிற பூச்சியைக் கொல்கிற மருந்து நாயில் இருக்கிற பூச்சியையும் கொல்லத்தானே செய்யும் என்றும் தோன்றியது. எங்கள் ஊரில் காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்துதான், பருத்திக்குத் தூவுவதும் மருந்துதான், நான் தினமும் கட்டை முக்குவதும் மருந்துதான். ஒரே சொல்லாக இருப்பதால் எல்லாம் ஒரே குடும்பம் என்று ஒரு நினைப்பு.

வீட்டில் மனைவி பொட்டலத்தைப் பிரித்து மோந்தாள். மக்கல் வாடை அடித்தது.

"நாய்க்குன்னு சொல்லித்தான வாங்கினீங்க?"

தலையாட்டினேன்.

"நக்கினா ஒண்ணும் செய்யாதுல்லா? பாய்கிட்ட கேட்டீங்கள்லா?"

அதற்கும் தலையாட்டினேன். அவளிடம் எதையும் உரக்கச் சொன்னால்தான் சொன்னதாகும். தலையாட்டுவதற்குக் குரலே வேண்டியதில்லை. எத்தனையோ விஷயங்களை அவளிடம் நான் அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன்.

பொடியை வெறுமனே தூவினால் நாய் உதறிவிடும் என்று நினைத்தேன். கந்தகத்தைக் குழைப்பதுபோல நல்லெண்ணெயில் குழைத்தேன். ஆபீஸ்காரன் எவனும் அப்படித்தான் செய்திருப்பான். காதுக்குள்ளும் அடிவயிற்றிலும் கால் இடுக்கிலும் அழுத்தித் தேய்த்தேன். நாய் பேசாமல் படுத்துத் தேய்க்கக் கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் பெரிய உண்ணிகள் இரண்டு மூன்று உதிர்ந்தன. மனைவி அவற்றைக் காட்டிச் சிரித்தாள்.

அடுப்பில் மத்தியானச் சோறு கொதித்துக்கொண்டிருந்தபோது நாயின் உதடு துடிக்கத் தொடங்கியது. பிறகு காது. எழுந்து நடக்கப் பார்த்தது. பின்னங்கால்கள் பக்கத்துக்கு ஒன்றாக இழுத்தன. விழுந்து, படுத்தபடியே ஓடுவதுபோலக் கால்களை உதைத்தது. வாயில் நுரை வந்தது.

சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். மனைவி ஒரு குப்பியில் பாலை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். முந்தின நாள் மழையில் கரிசல் நனைந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் பாதத்தில் மண் அப்பிக் கால் கனத்தது. நின்று வழித்துப் போட நேரமில்லை. தோளில் சாக்கு விட்டு விட்டு உலுக்கியது. உலுக்காமல் இருந்த நேரங்களில் எனக்குப் பயம் அதிகமாக இருந்தது.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் இல்லை, வெளியூர் போயிருந்தார். கம்பவுண்டர்தான் இருந்தார். காலையில் பார்த்த ஆட்களில் பாதிப் பேர் இன்னும் நின்றார்கள். காளைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, மாட்டைத் தேடிக் கண்டுபிடிச்சுட்டாரு" என்றார். சாக்கை இறக்கியதும் அவரே பேச்சை நிறுத்திக்கொண்டார்.

கம்பவுண்டர் நாயின் கண்ணை இழுத்துப் பார்த்தார். "என்னவே ஆச்சு?"

"இவிய உண்ணிக்கு மருந்து போட்டாவ" என்றாள் மனைவி. அவளுடைய குரல் வேலி வரைக்கும் போனது.

கம்பவுண்டர் என் கைகளைப் பார்த்தார். கட்டை முக்குகிறவன் கை பார்த்தாலே தெரியும். நகக்கண்ணில் ஏறிய நிறம் எத்தனை கழுவினாலும் போகாது. "தீப்பெட்டி ஆபீஸா? அங்கன முக்குற மருந்தைக் கொண்டாந்து பூசினீராக்கும். ஒம்ம ஆளுகளுக்கு இதே வேலை."

நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் கேட்டார், ஆட்டினேன்.

"வயித்துல பிடிச்சிருக்கும். பால் இருந்தா வாயில ஊத்தும். வீட்டுக்குப் போய் மேலுக்குத் தேங்காயெண்ணெயைத் தடவி நிழல்ல போடும். சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மாட்டைப் பார்க்கத் திரும்பினார்.

மனைவிக்கு அவர் சொன்னது கேட்கவில்லை. ஆனால் தன் கையிலிருந்த குப்பியை அவர் சுட்டிக்காட்டியதைப் பார்த்தாள். தக்கையைப் பிடுங்கினாள். நாயின் தலையை மடியில் எடுத்து வைத்தாள்.

தலையாட்டிய கழுத்து இன்னும் நிமிரவில்லை. இவர் ஏதோ ஒரு மருந்துக்கு மாற்றுச் சொல்கிறார், நாய் உடம்பில் இருப்பது வேறு மருந்து என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

"அது தீப்பெட்டி மருந்து இல்ல" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். கம்பவுண்டர் திரும்பினார்.

"பெறகு?"

"பருத்திக்குத் தூவுற பொடி. எண்ணெயில குழைச்சுத் தேச்சேன்."

அவர் ஓடிவந்து மனைவியின் கையிலிருந்த குப்பியைத் தட்டிவிட்டார். பால் மண்ணில் கொட்டியது. "பாலும் கூடாது, எண்ணெயும் கூடாது. அந்தப் பொடி கொழுப்புல ஏறித்தான்வே உள்ள போகும். நீரு எண்ணெயில குழைச்சு நேரா அனுப்பிவிட்டிருக்கீரு. இதை எவன்வே நாய்க்குக் குடுத்தான்?"

மனைவி அவருடைய முகத்தைப் பார்த்தே கேள்வியைப் புரிந்துகொண்டாள். "பஜார்ல விதைக்கடை பாய்தான் குடுத்தாவ. நாய்க்குன்னு கேட்டுத்தான் வாங்கினாவ. நக்கினாலும் ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லிக் குடுத்திருக்காவ" என்று அழுதுகொண்டே சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது.

"அந்தப் பாயா? அவரு அப்படிக் குடுக்கிற ஆள் இல்லையே" என்றார் காளைக்காரர். "இப்பல்லாம் யாரை நம்ப முடியுது" என்று இன்னொருவர் சொன்னார். வேறொருவர் தானும் அங்கேதான் வாங்கியதாகவும் நல்லவேளையாகப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லையென்றும் சொன்னார். அந்தக் கடையின் இரண்டு தலைமுறைப் பேரும் என் தலையாட்டலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாய் மேல தப்பில்ல" என்றேன். "பருத்திக்குன்னு நான்தான் கேட்டேன்."

ஆண்களுக்குக் கேட்டுவிட்டது. அவளுக்குக் கேட்கவில்லை. அவள் இன்னும் பாயைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மண்டியிட்டு அவளுடைய வலது காதில் வாயை வைத்தேன். அத்தனை பேர் முன்னால் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிக் கத்தியதில்லை.

"நாய்க்குன்னு நான் சொல்லல. வெக்கமா இருந்துச்சு. பருத்திக்குன்னு சொல்லி வாங்கினேன். ஒன்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நாயின் கால்களைப் பிடித்துக்கொண்டாள்.

கம்பவுண்டர் ஊசி போட்டார். மாடுகள் தண்ணீர் குடிக்கிற தொட்டியருகே கொண்டுபோய்ச் சவுக்காரம் போட்டுக் கழுவச் சொன்னார். எண்ணெய்ப் பிசுக்கு போகிறவரை மூன்று தடவை கழுவினோம். காளைக்காரர் காளையை வேலியில் கட்டிவிட்டுத் தண்ணீர் மோந்து ஊற்றினார். மனைவி காதுகளைத் துணியால் துடைத்தாள். நான் அடிவயிற்றைத் தேய்த்தேன்.

"இருட்டான எடமாப் பார்த்துப் போடும். சத்தங்கித்தம் கூடாது, சத்தம் கேட்டா மறுபடியும் இழுக்கும். ரெண்டு நாள் தாண்டிட்டா பெழைச்சுக்கிடும்" என்றார் கம்பவுண்டர். உண்ணிக்கு என்ன செய்வதென்று மனைவி கேட்டாள். "கையால பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்துல போடுங்க. மண்ணெண்ணெய் கிண்ணத்துல மட்டும்தான் இருக்கணும், நாய் மேல படக்கூடாது. அது படுக்கிற எடத்துல மேல்மண்ணைச் சுரண்டி எரிச்சிருங்க. சுவத்து வெடிப்பை மண் வச்சுப் பூசுங்க. உண்ணி பாதி அங்கனதான் இருக்கு." அவள் அவருடைய உதட்டைப் பார்த்தபடி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டில் சத்தம் போட ஆளில்லை. அந்த இரண்டு நாளும் அவள் என்னிடம் பேசவில்லை. நான் பேசினால் கத்த வேண்டும், கத்தினால் நாய்க்கு இழுக்கும். நானும் பேசவில்லை. முதல் நாள் இரண்டு தடவை இழுப்பு வந்தது. மறுநாள் ஒரு தடவை. மூன்றாம் நாள் காலையில் தண்ணீரை நக்கியது. ஆறாம் நாள் விறகுக்காரி வாசலில் வந்து நின்றபோது சுவரைச் சார்ந்தபடி எழுந்து, ஆடி ஆடிப் போய் அவள் காலில் முட்டியதாம். நான் ஆபீஸிலிருந்து வந்ததும் அதை அவள் சொன்னாள். ஆறு நாளில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

அந்த வாரமே பாய் கடைக்குப் போனேன். போகாமல் இருந்தால் பிறகு அந்தப் பக்கமே நடக்க முடியாது என்று தெரிந்தது. செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

"என்ன அண்ணாச்சி, பருத்தி பெழைச்சிருச்சா?" என்று கேட்டார். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"பெழைச்சிருச்சு பாய்."

"குரைக்குதா?"

"குரைக்குது."

சிரிப்பு அடங்கியதும் அவர் முன்னால் குனிந்தார். "நாய்க்குன்னு சொல்லியிருந்தா இந்தப் பொட்டலத்தைத் தொடவே விட்டிருக்க மாட்டேன். சொல்றதுல என்ன அண்ணாச்சி இருக்கு? எங்க வீட்டுல பூனைக்குப் பேன் பிடிச்சு, எங்க அம்மா பேன்சீப்பை வச்சு நாள் பூராவும் சீவிக்கிட்டு இருந்தாவ. நானும் நாலு பேருகிட்டச் சொல்லத்தான் செஞ்சேன்." பிறகு வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். அந்தக் கடையில் யாரும் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கம்பவுண்டர் சொன்னபடியே செய்தோம். படுக்கிற இடத்தில் ஒரு சாண் மண்ணைச் சுரண்டி எரித்தேன். சுவர் வெடிப்புகளைப் பூசினேன். மனைவி பிடுங்கினாள். உண்ணி ஒழியப் பங்குனி ஆயிற்று. இடது பின்னங்காலில் ஒரு நடுக்கம் மட்டும் நாய்க்குக் கடைசிவரை இருந்தது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் எங்களோடு இருந்தது. என் மனைவியைக் காலில் முட்டிக் கூப்பிடுவதையும் விடவில்லை.

நாய் பிழைத்ததால் என் பொய் சின்னப் பொய்யாகிவிடவில்லை. அதன்பிறகு என் மனைவி என்னிடம் எந்த மருந்தும் வாங்கிவரச் சொன்னதில்லை. சண்டை போட்டு நிறுத்தவில்லை. சொல்வதை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். தலைவலி மாத்திரையாக இருந்தாலும் அவளே பஜாருக்கு நடந்துபோய், கடையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி உரத்த குரலில், யாருக்கு, எத்தனை வயசு, எத்தனை நாளாக என்று சொல்லித்தான் வாங்குவாள். பதில் கேட்காவிட்டால் இன்னொரு தடவை சொல்லச் சொல்வாள். கூடப் போனால் நான் தெருவிலேயே நின்றுகொள்வேன்.

போன மாதம் எனக்கு இருமல் வந்து பத்து நாள் நிற்கவில்லை. அவளே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லி ஒரு பாட்டில் வாங்கிவந்தாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். கரண்டியில் கொஞ்சம் ஊற்றித் தன் நாக்கில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மிச்சத்தை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.